தொடாமல் விட்டால் ஓடும் என்பது பொய்

“நல்லாத்தானே ஓடுது, கை வைக்காதீங்க.” நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் சர்வர் பராமரிக்கப் போகிற எவரும் முதலில் கேட்கும் வாக்கியம் இது. சிலியாவ், ரந்தாவ் பக்கம் போனாலும் சரி, பாகாவ், கெமாஸ் பக்கம் போனாலும் சரி, வாக்கியம் மாறுவதில்லை. மெயில் சர்வர், இணையம் வழியாகப் போன் அழைப்புகளை இணைக்கும் சர்வர், செக்ரோல் எனும் சம்பளப் பதிவுக் கணக்கைத் தலைமையகத்துக்கு அனுப்பும் கணினி, தமிழ்ப்பள்ளி அலுவலக மூலையில் தூசியோடு நிற்கும் பெட்டி, எதுவானாலும் விதி ஒன்றுதான். ஒருமுறை மென்பொருளை நிறுவியாகிவிட்டது. இனி அது தானாக நிற்கும்வரை யாரும் தொடக்கூடாது. மேனேஜர் இதைச் சொல்கிறார். தலைமைக் கிராணி சொல்கிறார். பெட்டியை விற்ற கடைக்காரரும் சொல்கிறார். இத்தனை பேர் சொல்வதால் இது அனுபவத்தின் குரல் என்று நம்பப்படுகிறது.

இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானது. இதைக் கைவிட வேண்டும் என்பதே என் வாதம். தோட்டச் சர்வரில் கிடப்பது வெறும் கணக்கு அல்ல. தொழிலாளியின் பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து வேலை செய்கிறவரின் பாஸ்போர்ட் விவரம், பள்ளிப் பிள்ளைகளின் பதிவேடு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவர்கள் யாரும் “தொடாதீர்கள்” என்று நம்மிடம் சொல்லவில்லை. அந்த முடிவை அவர்கள் சார்பில் நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிச் சொல்பவர்களை நான் அறியாதவர்கள் என்று ஒதுக்க மாட்டேன். பலர் பட்டவர்கள். மாதக் கடைசியில் யாரோ அப்டேட் போட்டு, சர்வர் மறுபடி எழும்பாமல், சம்பளக் கணக்கைக் கையால் எழுத நேர்ந்தவர்கள். இணைய இணைப்பு மெதுவானது. மதியத்துக்கு மேல் இடி இடித்தால் மின்சாரம் போகும். ஆள் வரவேண்டுமானால் சிரம்பானிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வரவேண்டும். இந்த நிலைமையில் பிறந்த எச்சரிக்கை அது. அதற்குப் பின்னால் நான்கு வாதங்கள் இருக்கின்றன: தொடாத இயந்திரம் தொடர்ந்து ஓடும், நாம் சின்ன இடம் என்பதால் நம்மை யாரும் குறிவைக்க மாட்டார்கள், பழையதே பத்திரமானது, அப்டேட்டால்தான் கேடு வருகிறது. நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம், எதோடும் இணையாத தனிக் கணினிக்குப் பொருந்தலாம். தொடர்புச் சர்வருக்குப் பொருந்தாது. இன்னொரு இயந்திரத்தோடு பேசுவதே அதன் வேலை. எதிர்முனை தன் விதியை மாற்றினால், இங்கே ஓர் எழுத்துகூட மாறாதிருந்தும் பேச்சு நின்றுவிடும்.

இது பலமுறை நடந்திருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்களை நம்பி உலகெங்கும் எண்ணற்ற சர்வர்கள் தங்கள் தொடர்பைப் பூட்டுகின்றன. அவற்றுக்குத் தொடக்கத்தில் பின்பலமாக நின்ற டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. முறையாக அப்டேட் ஆகிவந்த கணினிகளுக்கு அந்த நாள் மற்றொரு நாளாகவே கழிந்தது. மாற்று மூலச் சான்றிதழ் அவற்றிடம் ஏற்கெனவே இருந்தது. தொடர்பைப் பூட்டும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்புகளோடு விடப்பட்டிருந்த பல இயந்திரங்களோ, முந்தின நாள் வரை பேசிய சர்வர்களையே நம்ப மறுத்தன. அவற்றை யாரும் தொடவில்லை. தொடாததுதான் காரணம்.

2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் மொபைல் டேட்டா சேவை முடங்கியது. 30 மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் அதை நம்பியிருந்தார்கள். ஜப்பானில் சாஃப்ட்பேங்க் சேவையும் அன்றே பாதிக்கப்பட்டது. எரிக்சன் தந்த மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகிவிட்டதே காரணம். நம் நாட்டிலேயே ஜென்டெலா என்ற இணைய மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் 2021 இறுதியில் 3ஜி சேவை மூடப்பட்டது. 3ஜி மட்டுமே தெரிந்த மோடம் எவ்வளவு நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அதன்பின் அதற்கு வேலை இல்லை. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மெயில் அனுப்புவோர் தங்கள் அடையாளத்தை எஸ்பிஎஃப், டிகேஐஎம் முறைகளால் நிரூபிக்க வேண்டும் என்று விதியை இறுக்கின. பழைய அமைப்போடு விடப்பட்ட மெயில் சர்வரின் கடிதங்கள் திரும்பி வரவோ, குப்பைக்குப் போகவோ அது போதும். ஆபீஸில் இருப்பவருக்கு “நேற்றுவரை நல்லாத்தானே போச்சு” என்றுதான் தோன்றும்.

இரண்டாவது வாதம்: நாம் சின்ன இடம். பெரிய வங்கியை விட்டுவிட்டு லிங்கி பக்கம் உள்ள ஒரு தோட்டத்து ஆபீஸை எவன் தேடி வருவான்? தேடித்தான் வரவேண்டும் என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இஸெட்மேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள ஒரே கணினியைக் கொண்டு இணையத்தின் ஐபிவி4 பொது முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று அது காட்டியது. ஆய்வாளரால் முடிந்தது திருடனாலும் முடியும். அவனுடைய நிரல் முகவரிக்கு உரியவர் வங்கியா தோட்டமா என்று பார்ப்பதில்லை. ஓட்டை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

2020 நவம்பரில் செக் பாயின்ட் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை நமக்கு நேராகப் பொருந்தும். சங்கோமா நிறுவனத்தின் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற போன் சர்வர் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக ஓராண்டில் சுமார் 1,200 நிறுவனங்களின் போன் சர்வர்கள் கைப்பற்றப்பட்டிருந்தன. அந்த ஓட்டைக்கு 2019-இலேயே திருத்தம் வந்துவிட்டது. திருடியவர்கள் பெரிய ரகசியம் எதையும் தேடவில்லை. அழைப்புகளை விற்றார்கள், நிமிடத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்கும் எண்களுக்குப் பிறர் சர்வரிலிருந்து அழைத்துப் பங்கு பெற்றார்கள். இந்தத் திருட்டுக்குச் சின்ன ஆபீஸ் வசதியான இடம். இரவில் ஆள் இருக்காது, அழைப்புப் பட்டியலை யாரும் பார்க்க மாட்டார்கள், மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் தெரியும்.

சின்ன இடம் என்ற வாதத்தை நம் நாட்டுச் சட்டமும் ஏற்கவில்லை. 2024 ஆகஸ்ட் 26 அன்று நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 854, நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புத் துறைகள் என்று 11 துறைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று விவசாயமும் தோட்டத் தொழிலும். ஒவ்வொரு தோட்டத்தின் மீதும் அந்தச் சட்டம் நேரடிக் கடமை சுமத்துவதில்லை. நியமிக்கப்பட்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தும். ஆனால் தோட்டத் துறை தேசத்துக்கு முக்கியம் என்பதில் சட்டத்துக்கு ஐயமில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தமும் இருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், பெரும் தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாகத் தொடாத சர்வரில் என்ன போனது, எப்போது போனது என்று மூன்று நாளில் கண்டுபிடிக்க எந்த ஆபீஸால் முடியும்?

மூன்றாவது வாதம்: பழையதே பத்திரம். இதற்கு ஆதாரமாகக் காட்ட அவர்களிடம் உண்மையான சம்பவங்கள் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். 2014 ஏப்ரலில் உலகை உலுக்கிய ஹார்ட்பிளீட் ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 வரிசையில் இருந்தது. அதைவிடப் பழைய 0.9.8 வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸெட் என்ற சுருக்கு மென்பொருளில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்கதவு 5.6.0, 5.6.1 என்ற புத்தம்புதிய பதிப்புகளில் மட்டுமே இருந்தது.

ஆனால் கதையை அங்கே நிறுத்தக்கூடாது. ஹார்ட்பிளீட் வந்து இரண்டே மாதத்தில், 2014 ஜூன் 5 அன்று, ஓபன்எஸ்எஸ்எல்லில் இன்னோர் ஓட்டை அறிவிக்கப்பட்டது; அது 0.9.8 உட்பட எல்லா வரிசைகளையும் தொட்டது, அதற்கும் திருத்தம் போட வேண்டியிருந்தது. பழையது ஒருமுறை தப்பியது தற்செயல். எக்ஸ்இஸெட் விஷயத்திலோ, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான வெளியீட்டில் இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் போட்டுவந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பதிப்புகள் நிலையான வெளியீட்டுக்கு வரவே இல்லை. அப்டேட் செய்வது வேறு, வந்த புதியதையெல்லாம் அன்றே எடுத்துப் போடுவது வேறு. நம் ஆபீஸ்களில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம்.

எக்சிம் மெயில் சர்வரின் கதையை எல்லா மேனேஜர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-இல் இணையத்தில் காணக்கூடிய மெயில் சர்வர்களில் பாதிக்கும் மேல் எக்சிம்தான். அந்த ஆண்டு ஜூன் 5 அன்று குவாலிஸ் நிறுவனம் அதில் ஒரு கொடிய ஓட்டையை அறிவித்தது. 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில், வெளியிலிருந்து அனுப்பும் ஒரு கடிதத்தாலேயே சர்வரைக் கைப்பற்றிவிடலாம் என்ற நிலை. ஒரு வாரத்துக்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. சர்வர் விட்டுச் சர்வர் தானாகப் பரவும் புழுவும் வந்தது. ஆனால் பிப்ரவரியில் வெளிவந்த 4.92-இல் அந்தப் பிழை ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்தது. அது பாதுகாப்பு ஓட்டை என்று அப்போது யாருக்கும் தெரியாது. வழக்கமாக வந்த பதிப்பைப் போட்டவர்கள், ஆபத்தின் பெயர் தெரிவதற்கு நான்கு மாதம் முன்பே தப்பிவிட்டார்கள். “ஆபத்து வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது சில நாட்கள்தான்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருத்தம் வெளிவரும் நாளிலேயே ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் வெளிவந்துவிடுகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆகவே நம் சர்வருக்கான ஆபத்து நேற்று இருந்ததைவிட இன்று கூடிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போடாதவர்களின் கணினிகளுக்குள் வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் புழு மே 12 அன்று புகுந்தது. இடையில் 59 நாட்கள் இருந்தன. பிரிட்டிஷ் பொதுச் சுகாதாரச் சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தானது அதனால்தான். 2021 மார்ச் 2 அன்று எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வருக்கு அவசரத் திருத்தம் வந்தபோது, அடுத்த சில நாட்களிலேயே உலகெங்கும் பல்லாயிரம் சர்வர்கள் சூறையாடப்பட்டன.

இப்போது நான்காவது, வலுவான வாதம்: அப்டேட்டால்தான் கேடு. அப்டேட்டால் கேடு வந்திருக்கிறது. மூன்று சம்பவங்களை நானே எடுத்து வைக்கிறேன்.

1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூர அழைப்புச் சேவை சுமார் 9 மணி நேரம் நிலைகுலைந்தது. சில வாரங்களுக்கு முன் போட்ட புதிய மென்பொருளில், தவறான இடத்தில் நின்ற ஒரு பிரேக் கட்டளை. ஓர் இணைப்பகம் தன்னைச் சரிசெய்துகொண்டு அண்டை இணைப்பகத்துக்குச் சேதி அனுப்பினால், அந்த அண்டை விழுந்தது. அது எழுந்து அனுப்பிய சேதியில் அடுத்தது விழுந்தது. 114 இணைப்பகங்களிலும் ஒரே புதிய மென்பொருள் இருந்ததால் எங்கும் தடுப்பு இல்லை.

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் மைய வலையமைப்பு மேம்பாட்டின்போது ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. வெள்ளம் போல் வந்த வழித்தகவலைத் தாங்காமல் ரவுட்டர்கள் சாய்ந்தன. 12 மில்லியனுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் துண்டிக்கப்பட்டார்கள். அதைச் சரிசெய்ய வேண்டிய ஊழியர்களும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் ஒருவரையொருவர் தொடர்புகொள்ளவே திணறினார்கள்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. கேஎல்ஐஏ விமான நிலையத்தில் ஏர்ஆசியா பயணிகளைக் கையால் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. 78 நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் அது போய்ச்சேர வேண்டிய இடமெல்லாம் போய்ச்சேர்ந்துவிட்டது.

இந்த மூன்றும் “தொடாதே” என்று சொல்கின்றனவா? எனக்கு அப்படிக் கேட்கவில்லை. முதலாவது, எல்லா இயந்திரத்திலும் ஒரே சமயத்தில் போடாதே என்கிறது. இரண்டாவது, நீ சரிசெய்யப் போகும் பாதையிலேயே நின்றுகொண்டு சரிசெய்யாதே, வேறொரு வழி வைத்துக்கொள் என்கிறது. மூன்றாவது, சிலரிடம் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குப் போ என்கிறது. மூன்றுமே முறையைப் பற்றிய பாடங்கள். அந்த முறை தோட்டத்து ஆபீஸுக்கு எட்டாததும் அல்ல.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவருக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை அறுவடைச் சுற்று வரவேண்டும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் குலை பழுத்து உதிரும், உதிரியைப் பொறுக்கவே ஆள் போதாது, எண்ணெயில் அமிலம் ஏறி ஆலை விலையைக் குறைக்கும், அடுத்த சுற்று இரட்டைப் பாரமாகும். சர்வரிலும் அப்படித்தான். மாதந்தோறும் போடும் சின்னத் திருத்தம் சில நிமிட வேலை. ஐந்தாண்டு விட்டுவிட்டு ஒரே தாவலில் போடும்போது எல்லாம் உடைகிறது. “அப்டேட் போட்டால் உடைகிறது” என்ற அனுபவத்தை உண்டாக்கியதே “தொடாதே” என்ற விதிதான்.

முறையைச் சொல்கிறேன். ஆபீஸில் எந்தெந்தப் பெட்டி இணையத்தைத் தொடுகிறது, அதில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, அதற்கு எந்த ஆண்டுவரை ஆதரவு என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. விண்டோஸ் சர்வர் 2012-க்கு 2023 அக்டோபரிலும், எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இவற்றில் ஓடும் சர்வரை மாற்றும் தேதி அந்த நோட்டில் இருக்க வேண்டும்.

அடுத்து, பாதுகாப்புத் திருத்தத்தையும் புதிய வெளியீட்டையும் பிரிக்க வேண்டும். டெபியன் போன்ற நிலையான வெளியீடுகளில், ஓட்டையை அடைக்கும் மாற்றத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து தருகிறார்கள்; திரையும் மாறாது, பழக்கமும் மாறாது. இதைத் தானாகவே போட விடலாம். புதிய வெளியீட்டுக்கு மாறுவதைச் சில வாரம் பொறுத்து, திட்டமிட்டுச் செய்யலாம்.

தொடுவதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி யாரும் படுக்கப் போகக்கூடாது. ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய கணினியில் சர்வரின் நகலை ஏற்றி, திருத்தத்தை முதலில் அதில் போட்டுப் பார்க்கலாம். சம்பள வாரத்தில் தொடக்கூடாது. மதிய இடிமழை நேரத்தில் தொடக்கூடாது. யுபிஎஸ் இல்லாமல் ஒருபோதும் கூடாது. தொலைவிலிருந்து ரவுட்டரைத் தொடுபவர், அங்கே ஓர் ஆள் நிற்கிறாரா, அவரிடம் வேறு நிறுவனத்தின் சிம் கார்டு போட்ட போன் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்களில், தொடர்பு அறுந்தால் அமைப்பு மாற்றத்தைத் தானே பழைய நிலைக்குத் திருப்பும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இணைப்பு மெதுவாக இருந்தால் ஒரு கணினி மட்டும் திருத்தங்களை இரவில் இறக்கி வைத்து மற்றவற்றுக்குப் பகிரலாம். டெபியன் தொகுப்புகள் கையொப்பத்தோடு வருவதால், இடையில் யாராவது மாற்றியிருந்தால் கணினி ஏற்க மறுத்துவிடும்.

ஆள் இல்லை என்பார்கள். போர்ட்டிக்சனிலும் நீலாயிலும் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளில் கணினி படித்தவர்கள் இருக்கிறார்கள். பெட்டி செத்தபிறகு தொலைவிலிருந்து வருபவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, மாதம் ஒரு மாலை வந்து முறையாகப் பார்க்கும் உள்ளூர் இளைஞருக்குக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் இணையப் பாதுகாப்பு அமைப்பான மைசெர்ட்டின் சைபர்999 உதவி மையம் இருக்கிறது. எச்சரிக்கை அறிவிப்புகளையும் மைசெர்ட் வெளியிடுகிறது.

“தொடாதே” என்பதற்கு அடியில் இன்னோர் எண்ணமும் படுத்திருக்கிறது: தோட்டத்துக்கு இது போதும். இந்த எண்ணத்தைத் தோட்டத்து மக்கள் நன்றாக அறிவார்கள். லயத்து வீடுகளுக்கு முறையான குடிநீரும் மின்சாரமும் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்த 1990-இல் சட்டம் 446 தேவைப்பட்டது. பட்டணத்துக்கு ஒரு தரம், தோட்டத்துக்கு ஒரு தரம் என்பதை அப்போது ஏற்கவில்லை. தொழிலாளியின் தரவுக்கும் அதே நியாயம்தான். கோலாலம்பூர் தலைமையகத்துச் சர்வருக்கு மாதந்தோறும் திருத்தம் போடும் நிறுவனம், அதே தொழிலாளியின் விவரம் முதலில் பதிவாகும் தோட்டத்துச் சர்வரை ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆகவே தோட்ட மேனேஜர்களிடமும், பள்ளி மேலாளர் வாரியங்களிடமும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும், கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளிடமும் நான் கேட்பது மூன்று. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சர்வர் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். அதற்குப் பொறுப்பானவர் இவர் என்று ஒருவரின் பெயரை எழுதுங்கள். சம்பள வாரம் கழித்து, மாதந்தோறும் ஒரு நாளைக் குறியுங்கள். இதைச் செய்த பிறகும் ஒருநாள் ஓர் அப்டேட் தவறலாம்; பேக்கப் இருக்கும், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இருக்கும், சில மணி நேரத்தில் வேலை மறுபடி நடக்கும். இதைச் செய்யாமல் விட்ட ஆபீஸ், தன் தொழிலாளிகளிடம் “உங்கள் விவரமெல்லாம் போய்விட்டது” என்று சொல்லப் போகும் நாளில், “நல்லாத்தானே ஓடுது” என்ற பதில் எடுபடாது.